இரண்டு வாசல், ஒரு பாஸ்வேர்டு

கேள்வி: ஆபீஸ் லேப்டாப்பில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் நேராக விண்டோஸுக்குள் போய்விடும். போன வாரம் ஆபீஸ் வெப்சைட்டில் பாஸ்வேர்டை மாற்றினேன். இப்போது முதல் திரை பழையதைக் கேட்கிறது, விண்டோஸ் புதியதைக் கேட்கிறது. திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுக்கிறதா?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அல்வாவும் இல்லை, வைரஸும் இல்லை. டிஸ்க்கைப் பூட்டும் மென்பொருள் வேறு, விண்டோஸ் வேறு. நெல்லையப்பர் சன்னதியையும் காந்திமதியம்மன் சன்னதியையும் 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இணைத்ததே, 'சிங்கிள் சைன்-ஆன்' செய்வதும் அதைத்தான். முதல் திரையில் தட்டியதை விண்டோஸிடம் கொண்டுசேர்க்கிறது. ஆனால் முதல் திரை வரும் நேரத்தில் பெரும்பாலும் நெட்வொர்க் இருக்காது. வெளியே மாற்றிய பாஸ்வேர்டு அதற்கு எப்படித் தெரியும்?

ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைத்து, பழையதைப் போட்டு முதல் திரையைத் தாண்டுங்கள். விண்டோஸில் புதியதைப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போய்விடும். இனி பாஸ்வேர்டை அந்த லேப்டாப்பிலேயே, கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தி மாற்றுங்கள். யூகித்து யூகித்துத் தட்டினால் பூட்டிக்கொள்ளும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. நனைந்த லேப்டாப்பில் மதர்போர்டை மாற்றினால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். சாவியைக் காத்த டிபிஎம் சிப் பழைய போர்டோடு போயிருக்கும். எண் இல்லையென்றால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஒரு போட்டோகூடத் திரும்பாது. உங்கள் சொந்த லேப்டாப்பின் எண்ணை இன்றே தாளில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.