ஒரே மலை, மூன்று ஆறுகள்

கேள்வி: எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலாறும் தென்பெண்ணையும் ஒரே மலையில் பிறந்தவையாமே?
– வாசகர், சேரப்பணஞ்சேரி

பதில்: ஆமாம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்த சகோதரிகள் மூவர். மூத்தவள் யாரென்று கேட்காதீர்கள். மூவரும் மூன்று திசையில் வாழ்க்கைப்பட்டார்கள். வடபெண்ணை நெல்லூர்ப் பக்கம், தென்பெண்ணை கடலூர்ப் பக்கம், பாலாறு நம் பக்கம். சிவனின் வில்லான பினாகத்தின் பெயரால் பெண்ணைகள் இருவரும் உத்தர பினாகினி, தட்சிண பினாகினி ஆனார்கள். பாலாற்றுக்கு வடமொழியில் க்ஷீரநதி.

348 கி.மீ. ஓடும் பாலாற்றில் 222 கி.மீ. தமிழ்நாட்டில்தான். வெள்ளம் வராத நாளிலும் மணலுக்கடியில் நீர் வைத்திருந்து ஊர்களுக்குக் குடிக்கக் கொடுப்பவள் அவள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவிலிருந்து அவளைக் காக்க உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்தது. மணலை அள்ளாமல், கழிவைக் கொட்டாமல் காப்பது நம் கடமை.