பந்தயப் பெரியப்பா

தேனி, போடி, கம்பம் பக்கம் எந்தக் கல்லூரியில் ரோபோ போட்டி நடந்தாலும் முன்வரிசையில் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். தம்பி மகனையும் அவன் அட்டைப்பெட்டியையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஒரு ரவுண்டு பாத்துட்டுக் கெளம்புறேன்" என்று உட்கார்ந்தவர்தான். சாயங்காலம் பரிசளிப்பு முடிந்தும் எழுந்திருக்க மாட்டார். மாட்டுவண்டிப் பந்தயச் சாலையோரம் பாதி ஆயுசைக் கழித்த மனிதர்.

கோடு பிடித்து ஓடும் வண்டிதான் முதலில் வரும். வெள்ளை ஃப்ளெக்ஸில் கறுப்புக் கோடு, அதன்மேல் கையகல வண்டி, வண்டிக்கு அடியில் வரிசையாக அகச்சிவப்பு சென்சார்கள். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அதை வைத்தே வண்டி வழி கண்டுபிடிக்கிறது. இதை மைக்கில் ஒரு மாணவர் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருப்பார்.

"ஓட்டுறவன் எங்கப்பா?"

"ஓட்ட ஆள் கெடையாது பெரியப்பா. தானா ஓடும். தொட்டா பெனால்டி."

"சாரதி இல்லாத மாடா!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அந்த நிமிடத்திலிருந்து அரங்கில் இருப்பதெல்லாம் மாடுதான்.

மூன்றாவது வளைவில் வண்டி ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டு இறங்கும். பையன்கள் லேப்டாப்பைத் திறந்து எண்களை மாற்றுவார்கள். பெரியப்பா வண்டியைப் பார்க்க மாட்டார், தடத்தைப் பார்ப்பார். ஜன்னல் வெயில் சரியாக அந்த வளைவில் விழுந்துகொண்டிருக்கும். "மாடு இங்கனதான்டா மெரளுது" என்று எழுந்துபோய் ஜன்னல் கம்பியில் தன் துண்டைக் கட்டுவார். வண்டி வளைவைத் தாண்டிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்று அந்தப் பையன்கள் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள்.

ரோபோ சண்டை தொடங்கியதும் அவரைப் பிடிக்க முடியாது. 8 கிலோ, 15 கிலோ என்று எடைப்பிரிவு சொன்னால், "சரி, இது தேன்சிட்டு, அது கரிச்சான். பெரியமாடு எப்ப எறங்கும்?" என்று மாட்டுவண்டிப் பந்தயப் பிரிவுகளாக மாற்றிக்கொள்வார். பாலிகார்பனேட் கூண்டுக்குள் ஒன்று கவிழ்ந்து சக்கரம் காற்றில் சுற்ற, நடுவர் எண்ண ஆரம்பித்தால், கூடவே உரக்க எண்ணுவார். நாலு வரிசை சேர்ந்துகொள்ளும்.

உண்மையில் இந்த ஆளை ஒவ்வொரு கல்லூரியும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். காலை முழுக்கப் பொன்னாடை. அப்புறம் போட்டி தொடங்கினாலும் யார் முந்துகிறார், எத்தனை புள்ளி என்று பார்க்க வந்தவனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் டீன் கேமன் 1992-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி வைத்தபோதே அதை விளையாட்டுப் பந்தயம் போலத்தான் அமைத்தார். ஆசிய பசிபிக் நாடுகளின் ரோபோகான் போட்டியை 2002 முதல் நடத்துவது ஒலிபரப்பு நிறுவனங்களின் சங்கம். ஆட்டம் பெரும்பாலும் வெறும் மூன்று நிமிடம். டிவிக்காரர்களுக்குத் தெரியாதா, நாலாவது நிமிடம் ஜனம் சேனல் மாற்றும் என்று? 2008-இல் ரோபோகான் புனேயில் நடந்தபோது நம் ஆட்கள் வைத்த ஆட்டத்தின் பெயர் 'கோவிந்தா'. எந்திரங்கள் உறியடித்தன. அதைப் பார்க்க எந்தப் பெரியப்பாவுக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

பரிசளிப்பு முடிந்ததும் ஜெயித்த அணியை ஓரங்கட்டுவார். "என்ன வெல தம்பி சொல்றீக?"

"விக்கிறதுக்கு இல்லீங்க. மோட்டார் டிபார்ட்மென்டோடது, திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கணும். பேட்டரி சீனியரோடது."

"அப்ப மாடு எரவலா?" சற்று யோசிப்பார். பிறகு ரிமோட் பிடித்திருந்த பெண்ணைக் காட்டி, "அது கெடக்கட்டும். அந்தச் சாரதிப் புள்ள எந்த ஊரு? சின்னமனூர்ல அடுத்த மாசம் ஒரு பந்தயம் இருக்கு."