வைரஸ் கார்ட் அங்கிள்

கண்டியில் எந்த லேனுக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். கட்டுகஸ்தோட்டையில் என்றால் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். அம்பிட்டியவில் என்றால் முன்னாள் கணக்கு வாத்தியார். மஹியாவையில் என்றால் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சாய்மனைக் கதிரைக்கு வந்துவிட்ட முதலாளி. ஆள் மாறலாம். மேசையில் துணி போர்த்திய கொம்பியூட்டரும், "உங்க மெஷின்ல என்ன கார்ட் போட்டிருக்கீங்க?" என்ற கேள்வியும் மாறாது. கார்ட் என்றால் வைரஸைத் தடுக்கும் சொப்ட்வெயார். சுகம் விசாரிப்பதற்கு முன்பே அதை விசாரித்துவிடுவார். செத்த வீட்டிலும் கேட்பார். அங்கே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அந்தக் கொம்பியூட்டரில் நடக்கும் காரியங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. கனடாவில் இருக்கும் மகளோடு பேச்சு, யூடியூபில் பழைய பாட்டு, மத்தியானத்தில் சீட்டு விளையாட்டு. ரகசியம் என்று சொல்ல ஏதாவது உண்டென்றால் அது இளைய மகனின் சாதகம்தான். அதைத் திருட ஓர் உலகமே காத்திருக்கிறது என்பது அங்கிளின் தீர்மானம். சாதகத்தைப் பார்த்த பெண் வீட்டாரே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

கார்ட் போடுவதைவிடத் தெரிவு செய்வதில்தான் அவருக்கு ருசி. ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும் ஜெர்மனியின் மக்டெபேர்க்கிலும் வைரஸ் கார்ட்களைச் சோதித்துப் புள்ளி போடும் ஆய்வுகூடங்கள் உண்டு. மக்டெபேர்க்கில் அரைப் புள்ளி குறைந்தால் மஹியாவையில் அன்இன்ஸ்டோல் நடக்கும்.

முதலில் அவிரா வைத்திருந்தார். மூலையில் சிவப்புக் குடை விரிந்திருந்தால் மெஷினுக்குப் பாதுகாப்பு, மடங்கியிருந்தால் ஆபத்து. மழைக்குப் பேர்போன ஊரில் அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நாள்தோறும் விளம்பரம் காட்டியதில் வெறுத்துவிட்டார். பிறகு ஏவிஜி. மெஷின் நகரவே மாட்டேன் என்றது. பிறகு அவாஸ்ட். அது நடுச்சாமத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில், டேட்டாபேஸ் அப்டேட் ஆகிவிட்டது என்று உரக்க அறிவித்தது. "யாருங்க அது, இந்த நேரத்துல?" என்று ஆன்ட்டி எழுந்து உட்கார்ந்த இரவோடு அவாஸ்டின் காலம் முடிந்தது. கடைசியில் காசு கொடுத்து நோர்ட்டன் வாங்கினார். மற்ற மூன்றையும் பற்றி அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. 2016இல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கியது. அவிரா நோர்ட்டன் கைக்குப் போனது. 2022இல் நோர்ட்டனும் அவாஸ்டும் சேர்ந்து ஒரே கம்பனி ஆகிவிட்டன. இத்தனை வருடம் கோபித்துக்கொண்டு மாறி மாறிப் போன நாலு பேருக்கும் இப்போது ஒரே முதலாளி. அங்கிளிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இடையில் கஸ்பர்ஸ்கியும் இருந்தது. 2024இல் அமெரிக்கா அதன் விற்பனையைத் தடை செய்ததும் இவரும் கழற்றிவிட்டார். வாஷிங்டனுக்கு என்ன பயமோ அதே பயம் தமக்கும் இருக்க வேண்டும் என்ற நியாயம். "கே7 போடலாமே, சென்னையில் செய்வது" என்றேன். "சென்னையா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார். தூரத்திலிருந்து வந்தால்தான் சாமான் நல்லது. வைரஸுக்கும் அதே மரியாதைதான். ஐபிஎம் வகைக் கொம்பியூட்டர்களில் பரவிய முதல் வைரஸை 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதி, அதற்குள்ளேயே தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்தார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஏக்கம் தெரியும். "அந்தக் காலத்து ஆட்கள் நாணயமானவங்க" என்பார்.

ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பலம் கூடும் என்று ஒருமுறை இரண்டு கார்ட்களை ஒன்றாக ஏற்றினார். இரண்டும் எந்த ஃபைலையும் திறக்கும் முன் சோதிப்பவை. ஒன்று தொட்டதை மற்றது சந்தேகப்பட, கொம்பியூட்டர் காலையில் போட்டால் தேத்தண்ணீர் குடித்து முடிந்த பிறகுதான் கண் விழித்தது. விண்டோஸோடு கூடவே வரும் டிபென்டருக்கு இந்த விவரம் தெரியும். வெளியிலிருந்து வேறொரு கார்ட் வந்தால் அது தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அங்கிள் அதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

பயர்வோல் கதை தனி. விண்டோஸில் 2004 முதல் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ரவுட்டரும் உள்ளேயிருந்து கேட்காத எதையும் பொதுவாக வெளியிலிருந்து விடுவதில்லை. அது போதாதென்று, ஒவ்வொரு புரோகிராமும் வெளியே போகும்போது அனுமதி கேட்கும் தினுசு ஒன்றைத் தேடிப் போட்டார். முதல் நாள் கண்ணாடி போட்டு ஒவ்வொரு பெட்டியையும் வாசித்தார். சில நாளில் அடுப்படிக்கும் ஹோலுக்கும் இடையே இந்தப் பரிமாற்றம் நிலைத்துவிட்டது:

"இங்க பாருங்க, என்னமோ கேட்குது."

"யெஸ் குடு."

"என்னன்னு பார்க்க வேணாமா?"

"யெஸ் குடுன்னு சொல்றேன்ல."

ஒரே ஒரு நாள், கடமையுணர்ச்சி மேலோங்கி, அவரே 'நோ' கொடுத்தார். அன்றிலிருந்து மகளுக்கு அழைப்புப் போகவில்லை. அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று அவள் டொரொன்டோவிலிருந்து பக்கத்து வீட்டுக்கு போன் எடுத்தாள். இவ்வளவு காவலுக்கும் நடுவே வைஃபை பாஸ்வேர்ட் என்னவோ வீட்டு லேண்ட்லைன் இலக்கம்தான். லேனில் இருக்கும் பிள்ளைகள் மதில் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருப்பதைத் தம் மீதுள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால், அவருடைய இணைப்பை உண்மையாகவே தாக்கியது இடி ஒன்றுதான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் ஹந்தானைப் பக்கம் கறுத்து வரும். அப்படியொரு நாளில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து ரவுட்டரைக் கருக்கிவிட்டுப் போனது. இப்போது ஃபைபர், அந்தக் கண்ணாடி இழையில் மின்னல் வராது. இருந்தாலும் முதல் முழக்கம் கேட்டதும் ஓடிப்போய் அதைத்தான் பிடுங்குவார். மின்னல் வரக்கூடிய பிளக் பொயின்ட் சுவரில் அப்படியே இருக்கும்.

பென் டிரைவ் என்றால் அவருக்கு 2008 இன்னும் முடியவில்லை. கொன்பிக்கர் என்ற கெடுதல் புரோகிராம் பரவத் தொடங்கிய ஆண்டு அது. பென்னைச் செருகினாலே போதும், தொற்றிவிடும் என்றிருந்தது. பின்னாளில் மைக்ரோசொப்ட் அந்த ஓட்டோரன் வழியை அடைத்துவிட்டாலும், விருந்தாளியின் பென் அவர் வீட்டில் முழு ஸ்கேன் முடியும்வரை வெளியே வராது. மருமகளின் கல்யாணப் படங்கள் இருந்த பென் இப்படி உள்ளே போனது. தாலி கட்டும் படத்தில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை என்று இரவு பத்து மணிக்கு விடுதலை செய்தார்.

போன மாதம் பென்ஷன் கடிதம் ஒன்றை பிரின்ட் எடுக்க, தம் பென்னோடு பேராதனை வீதியிலுள்ள கொமியூனிகேஷன் கடை ஒன்றுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கடைப் பையன் வாங்கிச் செருகியதும் திரையின் வலப்பக்க மூலையில் ஒரு பெட்டி எழும்பியது.

"அங்கிள், உங்க பென்ல வைரஸ் இருக்கு."

கடையில் போட்டோகொப்பி எடுக்க நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிளின் காது சிவந்தது. "இருக்கவே முடியாது. என்ன பேர் போட்டிருக்கு, வாசிங்க."

பையன் வாசித்தான். கீஜென் என்று முடிந்தது. காசு கட்டாமல் சொப்ட்வெயாருக்குக் கள்ளச் சாவி தயாரிக்கும் வகை. போன வருட லைசன்ஸ் முடிந்ததும் கம்பளையிலுள்ள உறவுப் பையன் ஒருவன் கொடுத்தது. அதை ஓடவிடும்போது கார்டை ஐந்து நிமிடம் ஓஃப் பண்ணிவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அங்கிள் கவுண்டர்மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அது வைரஸ் இல்ல. அதுதான் என்னோட வைரஸ் கார்ட்."

பையன் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன்.

"சரி, அழிக்கவா அங்கிள்?"

"அழிக்காதீங்க. பிரின்ட்ட மட்டும் குடுங்க." காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பென்னைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். படியில் இறங்கியவர் திரும்பினார். "ஆமா, உங்க மெஷின்ல என்ன கார்ட் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல்ல அங்கிள். விண்டோஸோட வந்ததுதான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா கிடைக்கிற சாமான நம்பாதீங்க தம்பி" என்றார் அங்கிள்.