விமானம் ஒன்று, பசை மூன்று

பால்சா மரத்தில் விமானம் கட்டுகிறேன் என்றால் எல்லோரும் கேட்பது, "பையனுக்கா?" நரைத்த தலையோடு ஒருவன் தனக்காகவே கட்டுவான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த கேள்வி, "பறக்குமா?" எதை வைத்து ஒட்டுகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பறக்குமா என்பதற்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

பெட்டியில் வரைபடம், இறக்கை விலாக்கள், சக்கரம் எல்லாம் வரும். பசை பெரும்பாலும் வராது. அது உன் தலைவிதி.

அவசரக்காரர்களின் முதல் காதல் சூப்பர் குளூ. 1942-ல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவினர், தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறதே என்று இதை ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் விற்பனைக்கு வந்தது. இதை இறுக வைப்பது ஈரம். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்! உதவி செய்கிறேன் என்று வந்த என் மச்சினன், விலாவைப் பிடித்த விரலோடு அரைமணி நேரம் விமானத்தின் உறுப்பாகவே இருந்தான். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைத் தடவித்தான் பிரித்தோம். பஞ்சால் துடைக்கப் போனவனைத் தடுத்தது நான் செய்த புண்ணியம். இந்தப் பசை பஞ்சில் பட்டால் கொதித்துப் புகையும். இன்னொரு குணம், காய்ந்தபின் விறைப்பாக நிற்கும். தரையில் மோதினால் படக்கென்று விட்டுவிடும்.

இரண்டாவது, இரண்டு குழாய் அரால்டைட் வகை. எஞ்சின் தாங்கும் பலகை, சக்கரக் கால், இரு இறக்கைகளும் சேரும் நடுப்பகுதி மூன்றுக்கும் இதுதான் சரி. ஐந்து நிமிட ரகத்தைக் கலக்கிய மறுகணம் வாசலில் கூரியர்காரர் கூப்பிடுவார். கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் கிண்ணத்தில் கல் இருக்கும். பலம் என்று வாலிலும் அப்பிவிடாதீர்கள். வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க வேண்டும்.

மூன்றாவது, தச்சர் கடை வெள்ளைப் பசை. வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, விலாக்களைக் குண்டூசியால் நிறுத்தி, மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்க விட வேண்டும். உப்புத்தாள் போட்டால் ரப்பர்போல் இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோணலைத் திருத்த நேரம் தருகிற பசை இது. என் ஓட்டு இதற்குத்தான்.

நிஜ விமானத்துக்கே பசைதான் உயிராக இருந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் மஸ்கிட்டோ, பால்சாவை நடுவில் வைத்து இருபுறமும் மெல்லிய பலகை ஒட்டிக் கட்டியது. முதலில் அதற்குப் போட்டது பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை; பிறகு ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். 1944-ல் இந்தியாவில் சில மஸ்கிட்டோக்களின் இறக்கைகள் பறக்கும்போதே பிய்ந்தன. வெயிலும் ஈரமும் பசையைக் கெடுத்தன என்றது ஒரு கட்சி. கட்டிய தொழிற்சாலையிலேயே கோளாறு என்றது இன்னொன்று. எங்கள் வீட்டிலும் விமானம் விழுந்தால் விசாரணை இப்படித்தான் இரண்டு கட்சியாக நடக்கும்.

ஒரே ஒரு பசைதான் வாங்குவேன் என்பவர் வெள்ளைப் பசையை வாங்குங்கள். விடியும்வரை தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாதவர் ரயில் பொம்மை வாங்குங்கள். அது கட்டியே வரும்.