ஞானதிருஷ்டிப் பதிவேட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
உயர்திரு தொற்றா நோய்ப் பதிவேடு அவர்கள்,
எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்.

பொருள்: புடவைக்கு மேலாகவே மார்பகப் பரிசோதனை செய்து முடித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்க வந்தேன். நர்சம்மா பிரஷர் பார்த்தார், விரலில் குத்தி சுகர் பார்த்தார், கையெழுத்துக்காகத் தங்களை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்கு நேரே 'மார்பகம் – நார்மல்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை பெண்களும் நார்மல்.

"யாரும்மா பாத்தா?" என்றேன்.

"ஏன், உங்களுக்கு மார்புல ஏதாச்சும் இருக்கா? இல்லல்ல? அப்பறம் என்ன?" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. பின்னால் நின்ற ஆண்கள் என் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார்கள்.

ஞானதிருஷ்டிக்காக முனிவர்கள் காட்டில் தவம் கிடந்தார்களாம். தங்களுக்கு ஒரு நீலப் பேனா போதுமாக இருக்கிறது.

விவரமில்லாதவர்கள் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள். ஒன்றரை லட்சம் பெண்களை 1998 முதல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வைத்துக் கையாலேயே மார்பைப் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இயந்திரம்கூட இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என்று 2021இல் எழுதினார்கள். இருபது வருட உழைப்பு! தங்களிடம் வந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்திருப்பீர்கள்.

முப்பது வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்கச் சொல்லி 2016இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது. அதைக் கையெழுத்தாலேயே செய்து முடிப்பது தங்கள் கண்டுபிடிப்பு.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பாவம், பெண்களுக்குத் தெரியவில்லை. நடந்ததே தெரியாமல் நடப்பதுதானே ஞானதிருஷ்டி!

எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்கும் தாங்கள் நார்மல் எழுதினீர்கள். அக்குளோரம் அவருக்குக் கட்டி இருந்தது, வலிக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. 'ஒண்ணுமில்லன்னு அவங்களே எழுதிட்டாங்க' என்று தெம்பாக இருந்தார். தோல் புண்ணான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! கட்டம் காலியாக இருந்திருந்தால் அந்த மனுஷி வேறு எங்காவது போய்க் காட்டியிருப்பாள். 2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 98,000 பெண்கள் இந்த நோயில் செத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த ஏட்டில் நார்மல்?

மன்னிக்கவும், பிரஷர் ஏறிவிட்டது. அதையும் நார்மல் என்றே குறித்துக்கொள்ளவும்.

நர்சம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சுகர், பிரஷர், கர்ப்பிணிகள், தடுப்பூசி, ஆன்லைன் பதிவு எல்லாம் அவர் ஒருத்தர் தலையில். சாயங்காலம் மேலிடத்திலிருந்து 'இன்னிக்கு எத்தனை பேர்?' என்று கேட்பார்கள். எத்தனை கட்டி தட்டுப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் ஸ்கேன் வரை போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்க மாட்டார்கள். பரிசோதிக்க அறை உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சன்னலுக்குத் திரை இல்லை. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கென்று அக்டோபரில் வாசலில் தொங்கிய ரோஸ் கலர் பேனரைக் கிழித்திருந்தால் சன்னலுக்கும் கதவுக்கும் போக மிச்சம் இருந்திருக்கும். ஞானதிருஷ்டிக்குத் திரை எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, தாழ்ப்பாள் ஒன்று, திரை ஒன்று, பயிற்சி பெற்ற பெண் கை ஒரு ஜோடி, ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகியவற்றை வழங்குமாறும், 'பார்க்கவில்லை' என்று எழுதத் தங்களில் ஒரு கட்டம் ஒதுக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். படிப்பதற்கு முன்பே இம்மனுவுக்கு நேரே 'தீர்வு காணப்பட்டது' என்று டிக் விழுந்திருக்கும் என்பதை அறிவேன். எனக்கும் கொஞ்சம் ஞானதிருஷ்டி வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கணக்குப்படி பூரண நலமாக இருப்பவள்