விவேக்கை ஒருக்கா நெடுந்தீவுக்கு அனுப்புங்கோ

துப்பறியும் நாவலாசிரியர் ராஜேஷ்குமார் மேல் தீவக வாசகர்களுக்கு உள்ள முதற்குறை, அவருடைய கதைகளில் ஒருவரும் படகுக்குக் காத்திருப்பதில்லை என்பதுதான். முதல் அத்தியாயத்தில் பிணம் விழுகிறது. இரண்டாவதில் தடயவியல் ஆட்கள் பவுடர் தூவிக் கைரேகை எடுக்கிறார்கள். மூன்றாவதில் பிரேத பரிசோதனை அறிக்கை துப்பறியும் நாயகன் விவேக்கின் மேசைக்கே வந்துவிடுகிறது.

நெடுந்தீவில் இது நடக்கிற காரியமா? குறிகட்டுவானிலிருந்து படகோட்டமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் பெயர்ந்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. முதலில் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டும். பிறகு ஊர்காவற்றுறை நீதவானின் உத்தரவு. பிறகு கடல் தாண்டி, புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் தாண்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி. நஞ்சு என்று சந்தேகம் வந்தாலோ, மாதிரிகள் கொழும்புப் பக்கம் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். "உந்த விவேக்கை ஒருக்கா இஞ்சை அனுப்பிப் பாருங்கோ, அறிக்கை வாறதுக்குள்ள அவற்றை மனிசி ரூபலா கிழவியாகிப் போவா" என்று ஒரு வாசகர் சொன்னால் மறுக்க ஆளில்லை.

ஆனாலும் அடுத்த மாதப் புத்தகம் வந்ததா என்று கேட்பவரும் அவரேதான்.

இந்தப் பசிக்கு ஒரு பின்கதை உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை வரிசையாக வெளியிட்டது; ஈழத்து இலக்கியத்துக்கு அது நல்ல காலம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, கப்பலில் வந்தவற்றோடு மாத நாவல்களும் வந்து சேர்ந்தன. 1980இல் மாலைமதியில் 'வாடகைக்கு ஓர் உயிர்' எழுதிய கோயம்புத்தூர்க்காரர் ராஜேஷ்குமார், பின்னாளில் 1500 நாவல்களைத் தாண்டினார். அத்தனையிலும் விவேக் வருவதில்லை. வருகிறவற்றில் அவருக்கு வயது ஏறுவதில்லை. வாசிகசாலையில் இருந்து படித்தவர்களுக்குத்தான் தலை நரைத்துப் போயிற்று.

ராஜேஷ்குமாரின் பேர்பெற்ற உத்தி, சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவது. படகுப் பயணிக்கு இது பெரிய வசதி. போகும்போது ஒரு கதை, திரும்பும்போது மற்றக் கதை. நயினாதீவுக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல்: இருபது நிமிடத்தில் கரை வந்துவிடும். நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிற வழியில் கழுத்தறுப்பு வாசிக்கலாமோ என்ற கேள்வி வேறு.

ஊரில் எதிர்க்கட்சியும் இல்லாமல் இல்லை. சுஜாதா ரசிகர்களுக்கு அவருடைய வக்கீல்கள் கணேஷ், வசந்த் தவிர மற்றவர்கள் எல்லாம் சில்லறைக் கடை. அவர்களுடைய முறைப்பாடு ஒன்றே ஒன்று: வசந்த் ஆரம்பிப்பதும் கணேஷ் தடுப்பதுமாக இழுபட்ட அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைக் கடைசிவரை சொல்லாமலே 2008இல் சுஜாதா போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலாவுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அவளுடைய டி-ஷர்ட் வாசகங்களைத்தான் முதலில் தேடுவார்கள். கொலைகாரன் ஆறுதலாக அகப்படட்டும்.

டொரொண்டோவிலிருந்து தொலைபேசும் பிள்ளைகள் அங்கத்தைய சரக்கைப் புகழ்வதுண்டு. பட்ரீசியா கார்ன்வெல் வெர்ஜீனியாவின் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆகவே 1990இல் அவர் தொடங்கிய ஸ்கார்பெட்டா வரிசையில் பிணவறை மணம் அசல்தான். ஆனால் 1998இல் நெருப்பில் செத்ததாகச் சொன்ன ஸ்கார்பெட்டாவின் காதலர் பென்டனை, 2003இல் உயிரோடு கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் அது செல்லும். ஓய்வூதியகாரர் தாம் உயிரோடு இருப்பதையே வருடாவருடம் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்த வேண்டிய நாட்டில், ஐந்து வருடம் செத்திருந்தவருக்கு எவர் கையெழுத்து வைப்பார்? ஹோம்ஸை 1893இல் அருவியில் தள்ளிவிட்டுப் பத்து வருடம் கழித்து மீட்ட கோனன் டொயிலாவது அந்த அருவியடியில் பிணத்தைக் காட்டவில்லை. அந்த மட்டில் அவர் கெட்டிக்காரர்.

இவ்வளவு குறையும் எழுத்தாளர் பேரில். உண்மையான குற்றவாளி உள்ளூரிலேயே இருக்கிறார்: வாங்கிய புத்தகத்தைக் கடைசித் தாள் இல்லாமல் திருப்பிக் கொடுப்பவர். மாத நாவல் தாளுக்கு உப்புக்காற்றும் பல கைகளும் ஒத்துவராது என்பது சரி. அதற்காகக் கொலைகாரன் யார் என்று தெரியாமல் மற்றவர்கள் அலைய வேண்டுமா? கடைசித் தாள் கழன்றால் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுங்கள், பின்னட்டையின் உட்புறத்தில். தயவுசெய்து முதற்பக்கத்தில் வேண்டாம்.