தட்டினால் தெரிந்துவிடும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரத்துக்கு முன்னால் வருகிற கோவளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை மணலில் ஒரு சர்ஃப் போர்டு குப்புறக் கிடந்து, அதைச் சுற்றி நாலு பேர் நின்றால் வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒருவர் விற்பவர், முகத்தில் அலட்சியத்தைக் கஷ்டப்பட்டு வரவழைத்து வைத்திருப்பார். ஒருவர் வாங்குபவர், ஆசையை மறைக்கத் தெரியாதவர். மூன்றாமவர் நாய்க்கு பிஸ்கட் போட வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். நான்காமவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல், முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் கணுவால் போர்டை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார். நம்மவர் அவர்தான்.

நம்மவருக்கு இதில் கமிஷன் கிடையாது. "ணா, ஒரு போர்டு பாத்து வெச்சிருக்கேன், நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்று யாராவது போன் செய்தால் போதும், மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டிய நாளானாலும் வந்துவிடுவார். டீ வாங்கித் தந்தால் குடிப்பார், தராவிட்டாலும் குறையில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தான் ஒரு எண்ணைச் சொல்லவேண்டும், அதைக் கேட்டு இரண்டு பேருடைய முகமும் வாடவேண்டும். ஒருவர் முகம் மட்டும் வாடினால் அது நியாய விலை இல்லை என்பது அவர் சித்தாந்தம்.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார், பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தன் விலை தெரியாது. நம்மவரிடம் அந்த நாசூக்கு கிடையாது. குறைகளைக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படிதான் படிப்பார்.

வந்ததும் விலையைக் கேட்க மாட்டார். "எதுக்கு விக்கிறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. குசலம் விசாரிப்பதுபோல இருக்கும். உண்மையில் விலை அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. "பெங்களூருக்கு மாத்திட்டாங்க" என்றால் மனதுக்குள் ஐயாயிரம் குறைத்துக்கொள்வார். கடல் இல்லாத ஊருக்கு ஆறடிப் பலகையை யார் தூக்கிக்கொண்டு போவது? "கல்யாணம்" என்றால் பத்தாயிரம். "முதுகு வலி" என்றால் ஒன்றும் குறைக்க மாட்டார். முதுகு வலிக்காரர்கள் அடுத்த வாரமே சரியாகிவிட்டது என்று போர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். எல்லாரையும்விட அவருக்குப் பிரியமானவர்கள் ஊர் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள். விமானத்தில் போர்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், புறப்படுகிற தேதி நெருங்க நெருங்க விலை தானாகவே இறங்கும். இலங்கையின் அறுகம்பேயில் சீசன் முடிகிற நேரத்தில் இப்படித்தான் நல்ல நல்ல போர்டுகள் கைமாறுகின்றன. நம்மவரும் அவர்களிடம் பேரம் பேசுவதில்லை. "ஃப்ளைட் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு முந்தின நாள் போய் நிற்பார்.

அடுத்தது பரிசோதனை. கால் வழுக்காமல் இருக்க போர்டின் மேல்பக்கம் மெழுகு தேய்த்திருப்பார்கள். அதற்கு வாக்ஸ் என்று பெயர், தேங்காய் வாசனையோடுகூடக் கிடைக்கிறது. விற்க வருகிறவர் அதைச் சுரண்டாமல், மணலும் முடியும் ஒட்டிய மேனிக்கே கொண்டுவந்தால் நம்மவர் கண் இடுங்கும். பாக்கெட்டிலிருந்து காலாவதியான ஏடிஎம் கார்டை எடுத்து அவரே சுரண்ட ஆரம்பிப்பார். அடியில் என்ன வரும் என்று விற்பவருக்குத் தெரியும், அதனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு முக்கியமான போன் ஒன்று வரும்.

சுரண்டிய இடத்தில் தட்டல். போர்டின் உள்ளே இருப்பது நுரைப்பஞ்சு; அதன்மேல் கண்ணாடி நார்த்துணி, அதை இறுக்கிப் பிடிக்க ரெசின். நார்த்துணி நுரையோடு ஒட்டியிருக்கிற இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும். பிரிந்துவிட்ட இடத்தில் பொதபொதவென்று கேட்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போர்டை வைத்துவிட்டு ஆபீஸ் போனவர்களின் போர்டு அப்படித்தான் உப்பிக்கொள்ளும். "இது சும்மா கொஞ்சம் ஏர் சார்" என்பார் விற்பவர். "ஏருக்கு மூவாயிரம் கழிச்சுக்கலாம்" என்பார் நம்மவர்.

அப்புறம் போர்டைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நடுவே ஓடுகிற மரக்குச்சியின் நெடுக்கே பார்ப்பார். கோணலா? முறுக்கிக்கொண்டிருக்கிறதா? குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரிகிறதா? குறுக்குக் கோடு என்றால் பெரிய அலையில் ஒருதரம் மடங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்த பெரிய அலையில் அது இரண்டாகும். ஓரங்களில் ஒட்டிய ஸ்டிக்கர்களை வரிசையாக நகத்தால் நெருடுவார். விளம்பரத்துக்கு ஒட்டிய ஸ்டிக்கர் நேராக இருக்கும், ஓட்டையை மறைக்க ஒட்டியது எங்கே ஓட்டையோ அங்கே இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. போர்டு மஞ்சளாகியிருப்பதை மட்டும் மன்னித்துவிடுவார். வெயில் பட்டால் நுரையும் ரெசினும் மஞ்சளாகத்தான் செய்யும். அலைக்கு நிறம் தெரியாது. ஆனால் மன்னித்துவிட்டதை விற்பவரிடம் சொல்ல மாட்டார். மஞ்சளுக்கும் ஆயிரம் கேட்டுப் பார்ப்பார்.

அவரை ஏமாற்றுவது சுலபமில்லை. ஒருநாள் ஓர் இளைஞர், பின்பக்கம் ஒரே ஒரு துடுப்பு மட்டும் உள்ள போர்டைக் கொண்டுவந்து, "ரெட்ரோ சிங்கிள் ஃபின்" என்று கூடுதல் விலை சொன்னார். மூன்று துடுப்பு வைத்த போர்டை ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1981இல் போட்டிகளில் ஓட்டி ஜெயித்துப் பிரபலமாக்கினார். அதற்கு முன்னால் ஒன்றோ இரண்டோதான் வழக்கம். எனவே ஒற்றைத் துடுப்புக்குப் பழைய காலத்து மவுசு உண்டு என்பது வாஸ்தவம். நம்மவர் போர்டைத் திருப்பினார். நடுத் துடுப்புக்கு இரண்டு பக்கமும் துடுப்பு செருகுகிற குழிகள் காலியாக இருந்தன. "மத்த ரெண்டு ரெட்ரோவும் எங்க தம்பி தொலைஞ்சுது?" என்றார்.

வாங்குபவரையும் அவர் விட்டுவைப்பதில்லை. போர்டில் பென்சிலால் எழுதியிருக்கும்: 6 அடி 2 அங்குலம், அகலம் பதினெட்டரை அங்குலம், 27 லிட்டர். சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருக்கிற வாங்குபவர் தொண்ணூறு கிலோ. "27 லிட்டர்னா உள்ள அவ்ளோ தண்ணி புடிக்குமாண்ணே?" என்று அவர் கேட்க, நம்மவர் கண்ணை மூடித் திறப்பார். அது போர்டின் கன அளவு. எவ்வளவு எடையை மிதக்க வைக்கும் என்பதற்கான கணக்கு. கற்றுக்கொள்கிற நிலையில் இருக்கிற இந்த உடம்புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இதில் ஏறினால் போர்டும் அவரும் சேர்ந்து மீன் பார்க்கப் போகலாம். "இது சாம்பியன் ஓட்டின போர்டு சார்" என்று விற்பவர் நடுவில் புகுந்தால் இன்னும் மோசம். போட்டிக்காரர்களின் போர்டில் எடை குறைக்க நார்த்துணியை மெல்லியதாகத்தான் போடுவார்கள். அது சீக்கிரம் நசுங்கும், சீக்கிரம் ஒடியும். சாம்பியன் என்ற சொல்லுக்கு நம்மவர் இரண்டாயிரம் குறைப்பார்.

இதற்குள் வெயில் ஏறியிருக்கும். எல்லாரும் விலையை எதிர்பார்ப்பார்கள். நம்மவர் அப்போதுதான் சரித்திரத்தை எடுப்பார். 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அமெரிக்காவில் போர்டு செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு நுரைக்கட்டை கொடுத்துவந்த கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் கம்பெனியை, அதன் முதலாளி கார்டன் கிளார்க், வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஒரே நாளில் இழுத்து மூடினார். கடைகளில் போர்டு விலை எகிறியது. செதுக்குகிறவர்கள் கையில் கட்டை இல்லாமல் திண்டாடினார்கள். நுரை உலகத்துக்கு அது கறுப்புத் திங்கள். இதைச் சொல்லும்போது நம்மவர் குரல் தழுதழுக்கும். கம்பெனி மூடி இரண்டு மாமாங்கம் ஆகப்போகிறது, சந்தை எப்போதோ வேறு கட்டைகளுக்கு மாறிவிட்டது. ஆனால் விற்பவர் அவருக்கு வேண்டியவராக இருந்தால், அந்தத் திங்கட்கிழமைக்காக இன்றைக்கும் ஒரு தொகை ஏற்றிவிடுவார்.

கணக்கு என்னவோ எளிதுதான். ஒருதரம் கடலில் நனைந்த போர்டு புதுசின் விலையில் பாதி. இங்கே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி வருவதால் பாதிக்குமேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அதிலிருந்து ரிப்பேர்ச் செலவைக் கழிக்கவேண்டும். துடுப்பு, காலில் கட்டுகிற லீஷ், உறை இவை உண்டென்றால் கூட்டவேண்டும். முடிந்தது. எந்தப் புதுசின் விலை என்பதில்தான் வம்பு. விற்பவர் இன்றைய கடை விலையில் பாதி கேட்பார். வாங்குபவர் மூன்று வருஷத்துக்கு முந்தின பில்லில் பாதி தருவார். நம்மவர் யாரோடு வந்தாரோ அவர் சொல்வதுதான் உலக வழக்கம் என்று அடித்துப் பேசுவார். போன மாதம் வேறு பக்கம் நின்று நேர்மாறாக அடித்துப் பேசியதை யாராவது ஞாபகப்படுத்தினால், "அது வேற போர்டு" என்பார். சில சமயம் அது அதே போர்டுதான்.

உண்மையில் கோவளத்தில் இந்த விலையைச் சொல்லக்கூடிய ஆள் இன்னொருவர் இருக்கிறார். கட்டுமரத்தின் இடத்துக்கு ஃபைபர் படகுகள் வந்தபிறகு, ரெசினும் கண்ணாடி நார் மேட்டும், ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரும் கொண்டு ஓட்டை அடைக்கிற கைவேலை குப்பங்களில் பலருக்கும் தெரியும். அப்படி ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்திருப்பார். போர்டைக் கொண்டுபோனால் தட்ட மாட்டார், சரித்திரம் பேச மாட்டார். ஓட்டையை மேலாக வைத்து வெயிலில் கொஞ்ச நேரம் போடச் சொல்வார். தண்ணி கசிந்தால் உள்ளே குடித்திருக்கிறது. "காயவெச்சு எடுத்தா, எண்ணூறு" என்பார். கழிக்கவேண்டிய தொகை அதுதான். நம்மவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்கான விஷயத்தை அந்த மனுஷன் நாலு சொல்லில் முடித்துவிடுகிறார்.

நம்மவர் சொந்தமாக வைத்திருக்கிற போர்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார். எதுவும் விற்பனைக்கு இல்லை. யாராவது விலை கேட்டால், பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டதுபோல முகம் மாறும். அதில் ஒன்று மூக்கு உடைந்து, நடுவில் மடங்கி, ஒட்டி, மறுபடி மடங்கியது. பேரம் முடிக்கிற நாளில் அவர் கழிக்கிற குறைகள் அத்தனையும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. "இன்னைக்கு முப்பதுக்கு வாங்க ஆள் இருக்கு" என்பது அவர் மதிப்பீடு. அவர் அம்மா அதன்மேல் கருவாடு காயப் போடுகிறார். மிச்சமிருக்கிற வாக்ஸில் நெத்திலி ஒட்டிக்கொள்கிறது என்பது அந்த அம்மாவின் ஒரே புகார்.

ஒருநாள் காயலான் கடைக்காரர் தெருவில் வந்தபோது அம்மா அவரை மாடிக்கே கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து, விரல் கணுவால் டொக் டொக்கென்று தட்டினார். "இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. ஃபைபர எங்கயும் எடுக்க மாட்டாங்கம்மா. நீங்க வேணா அம்பது ரூபா குடுங்க, தூக்கினு போயி எங்கயாவது போட்டுர்றேன்" என்றார்.

சத்தம் கேட்டு நம்மவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். போர்டைப் பார்த்தார், காயலான் கடைக்காரரைப் பார்த்தார். அவர் தட்டிய இடத்தில் தானும் ஒருமுறை தட்டினார்.

"அம்பது ஜாஸ்திய்யா" என்றார். "முப்பதுன்னா எடுத்துக்க."